முகவரிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊரில் வீடில்லாத நிலையை முடிவுக்குக் கொண்டுவருவதற்கான திட்டம் போன வாரம் நகர மன்றத்தில் ஒருமனதாக ஏற்கப்பட்டது. 14 மாத உழைப்பு அது. முதல் பக்கத்தில் ஒருங்கிணைப்பாளர் என்று என் பெயர் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு உறுத்துகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பத்தியும் யாரோ ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல். பெயர்களைக் குறிப்பிடவில்லை. சிலர் வேண்டாம் என்றார்கள், சிலருடைய பாதுகாப்புக்கு அது நல்லதில்லை. ஆனாலும் படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி அக்காவுக்கு. படிக்கட்டுகளிலும் பேருந்து நிலையத்திலும் 6 வருடம் படுத்து எழுந்தவர். எங்கள் இரண்டாவது கூட்டத்துக்கு வந்தார். கணக்கெடுப்புக்காக நாங்கள் தயாரித்த படிவத்தை அவர் முன்னால் வைத்து, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றோம். பேனாவைத் திறந்தவர் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டார். "முகவரின்னு போட்டிருக்கு. இதுல நான் என்ன எழுதணும்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

அந்தப் படிவம் அன்றோடு போயிற்று. இப்போது முதல் கேள்வி, "உங்களை எப்படிக் கூப்பிடணும்?" இரண்டாவது, "நாளைக்கு உங்களை எங்கே பார்க்கலாம்?" இரண்டுமே அக்கா சொன்னவை.

கணக்கெடுக்கும் விதத்தையும் அவர்தான் திருத்தினார். டார்ச்சைத் தரையில் அடிக்க வேண்டும், முகத்தில் அடிக்கக் கூடாது. தலைமாட்டில் போய் நிற்கக் கூடாது, கால்மாட்டில் நின்று மெதுவாகக் கூப்பிட வேண்டும். செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தால் அது திருட்டுக்குப் பயந்து, அதைத் தொடவே கூடாது. இவையெல்லாம் இன்று தன்னார்வலர் கையேட்டில் இருக்கின்றன. இவற்றைவிடப் பெரிய விஷயம் ஒன்றையும் சொன்னார். "பொம்பளைங்க ராத்திரி படுக்கவே மாட்டாங்க. நடந்துகிட்டே இருப்பாங்க, இல்லன்னா வெளிச்சம் இருக்கிற இடமாப் பாத்து உக்காந்திருப்பாங்க. பகல்லதான் கண்ணசருவாங்க. ராத்திரி மட்டும் எண்ணினீங்கன்னா நாங்க கணக்குலயே வரமாட்டோம்." அதன் பிறகுதான் நூலகம், மருத்துவமனைக் காத்திருப்புக் கூடம், பேருந்து நிலையம் என்று பகலிலும் போனோம். அக்கா அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், இந்தத் திட்டம் ஆண்களுக்கான திட்டமாகவே முடிந்திருக்கும். எங்களுக்கு அது தெரிந்துகூட இருக்காது.

அந்த இரவுகளில் எங்களோடு நடந்த தன்னார்வலர்களே, உங்களை எப்படி மறப்பேன்? குறிப்பாக அந்தக் கல்லூரி மாணவியை. அதிகாலை மூன்று மணி இருக்கும். கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், பேர் கேட்டதும் பதில் சொல்லாமல் இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தார். உறைக்குள் உறை, அதற்குள் இன்னொரு உறை, நூலால் கட்டிய முடிச்சு. விரல்கள் நடுங்கின. நான் உதவப் போனேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டு, தரையில் சம்மணம் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பத்து நிமிடம் ஆயிற்று. ஓரம் நைந்த ஓர் அடையாள அட்டை, மருத்துவமனைச் சீட்டு, முகமே தெரியாத அளவுக்கு மங்கிய ஒரு புகைப்படம். மூன்றையும் வரிசையாக அடுக்கி வைத்த பிறகே பெரியவர் தன் பெயரைச் சொன்னார். அந்தப் பத்து நிமிடம் பொறுத்திருக்கத் தெரிந்ததற்காக உனக்கு நன்றி, தங்கச்சி. எனக்கு அந்தப் பொறுமை வரவில்லை.

தலைகளை எண்ணுவதும் பெயர்களை அறிவதும் வேறு வேறு வேலைகள். ஆண்டுக்கு ஓர் இரவு எண்ணினால் கையில் ஓர் எண் கிடைக்கும், அந்த எண்ணுக்கு யாரும் வீடு பார்க்க முடியாது. யார், எங்கே இருக்கிறார், எத்தனை நாளாக, உடம்பு எப்படி, என்ன தடுக்கிறது என்று ஆள்வாரியாக, அவர்கள் சம்மதத்தோடு எழுதி, வாராவாரம் திருத்தும் பெயர்ப் பட்டியல்தான் திட்டத்தின் முதுகெலும்பு. கனடாவின் மெடிசின் ஹாட் நகரம் 2021இல் நெடுநாள் வீடில்லாமையைச் 'செயல்நிலைப் பூஜ்யம்' என்ற அளவுக்குக் கொண்டுவந்தபோதும் அடித்தளம் இப்படியொரு பட்டியல்தான். செயல்நிலைப் பூஜ்யம் என்றால் இனி ஒருவரும் வீடிழக்கவே மாட்டார் என்று பொருளில்லை. இழப்பவர் அரிதாகவே இருப்பார், அவருக்கும் சீக்கிரம் வீடு கிடைத்துவிடும் என்றுதான் பொருள்.

அடுத்து, காப்பகம் நடத்தும் ஐயாவுக்கு. எங்கள் முதல் வரைவு முழுக்கக் கட்டில்களைப் பற்றியது. இன்னும் எத்தனை காப்பகம், எத்தனை படுக்கை என்றே எழுதியிருந்தோம். அதனால் பலன் பெறக்கூடியவரே எழுந்து, "எனக்குக் கட்டில் வேண்டாம். என்கிட்ட இருக்கிறவங்க வெளியே போக ஒரு கதவு வேணும்" என்றார். பின்லாந்தின் ஹெல்சின்கி நகரத்தின் கதையை அவர்தான் சொன்னார். அங்கே சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு நடத்திய 250 படுக்கைக் காப்பகம் ஒன்றை 81 தனி வீடுகளாக மாற்றினார்கள். 1985இல் அந்த நகரத்தில் 2,121 காப்பகப் படுக்கைகள் இருந்தன, 2016இல் மிச்சம் 52. படுக்கையைக் குறைத்ததால் ஆட்கள் தெருவுக்குப் போகவில்லை, வாடகை ஒப்பந்தத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அன்றைய கூட்டம் முடிந்ததும் எங்கள் வரைவைக் கிழித்துப் போட்டோம். அது எனக்கு வலித்தது. மூன்று மாத வேலை அது. ஆனால் அவர் சொன்னது சரி.

அங்கிருந்துதான் 'முதலில் வீடு' என்ற கொள்கைக்கு வந்தோம். குடியை விடு, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடு, வேலை தேடு, பிறகு வீடு தருகிறேன் என்ற வரிசையைத் திருப்பிப் போடுவது அது. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இப்படித்தான் தொடங்கினார். கனடா 2009இல் இதை 5 நகரங்களில் சோதித்தது. மனநல பாதிப்புள்ள 2,000-க்கும் மேற்பட்ட வீடற்றவர்கள் அதில் கலந்துகொண்டார்கள். ஆய்வின் கடைசி 6 மாதங்களில் முழுக்க வீட்டிலேயே இருந்தவர்கள், 'முதலில் வீடு' பெற்றவர்களில் 62 சதவீதம், வழக்கமான சேவை பெற்றவர்களில் 31 சதவீதம். நூற்றுக்கு நூறு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சிலருக்கு இரண்டாவது வீடு வேண்டியிருக்கும், சிலருக்கு மூன்றாவது. திட்டத்தில் அதற்கும் இடம் வைத்திருக்கிறோம்.

எல்லாக் கூட்டத்துக்கும் வந்து எல்லாவற்றையும் எதிர்த்த வீட்டு உரிமையாளர் ஐயா, உங்களுக்கும் மனமார்ந்த நன்றி. மேலே சொன்ன சதவீதங்களை நான் வாசித்தபோது நீங்கள் அசையவில்லை. "அதெல்லாம் சரிம்மா. ராத்திரி ரெண்டு மணிக்குக் குழாய் உடைஞ்சு தண்ணி கீழ் வீட்டுக்கு இறங்கினா நான் யாருக்குப் போன் பண்றது?" என்று கேட்டீர்கள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுத எங்களுக்கு ஆறு வாரம் பிடித்தது. இரவும் பகலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண், சேதத்துக்கு ஒரு பொதுநிதி, குடியிருப்பவரை மாதம் இருமுறை பார்க்க வரும் ஆதரவுப் பணியாளர், ஒத்துவராவிட்டால் வெளியேற்றாமல் வேறு வீட்டுக்கு மாற்றும் ஏற்பாடு என்று நான்கு பக்கம் ஆயிற்று. அந்த நான்கு பக்கத்தைப் படித்துவிட்டு முதல் ஆளாக இரண்டு வீடுகளைக் கொடுத்தவரும் நீங்கள்தான். எங்களை ஆதரித்துக் கைதட்டியவர்களைவிட நீங்கள் கற்றுக்கொடுத்தது அதிகம்.

இனி ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவரைக் காப்பகத்துக்கு வரச் சொல்லி மூன்று முறை கேட்டோம். மூன்று முறையும் குறிப்பேட்டில் "மறுத்துவிட்டார்" என்று எழுதினோம். நான்காவது முறைதான் ஏன் என்று கேட்டோம். ஆண்கள் காப்பகத்தில் மனைவியைச் சேர்க்கமாட்டார்கள், அவளைத் தெருவில் விட்டுவிட்டு நான் எப்படி வருவது என்றார். அதன் பிறகு "மறுத்துவிட்டார்" என்ற பத்தியையே எடுத்துவிட்டோம். இப்போது அந்த இடத்தில் "நாம் தந்தது ஏன் பொருந்தவில்லை?" என்று இருக்கிறது. அந்த வரியைத் தந்தவர் திட்டம் முடிவதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர் மனைவிக்குப் போன மாதம் வீடு கிடைத்தது. இந்த மடலை அவருக்கு வாசித்துக்காட்டும்படி பணியாளரிடம் சொல்லியிருக்கிறேன். அம்மா, உங்கள் வீட்டுக்காரர் சொன்னது வீண்போகவில்லை.

குளத்தை இறைப்பவன் வரத்துக்காலையும் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஆட்களை வீட்டில் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் மருத்துவமனையிலிருந்தும் சிறையிலிருந்தும் காலிசெய்த வாடகை வீட்டிலிருந்தும் புது ஆட்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தால் எத்தனை வருடமானாலும் பட்டியல் தேயாது. இதை எங்களுக்கு விளக்கிய செவிலியர் அம்மாவுக்கு நன்றி. போக இடமில்லை என்று தெரிந்தும் நோயாளியை வெளியே அனுப்பக் கையெழுத்துப் போட்ட நாட்களைப் பற்றி அவர் பேசியபோது அழுதார், நாங்களும் அழுதோம். வீட்டுக்கு அனுப்பும் தேதி முடிவானதுமே எங்களுக்குத் தகவல் சொல்லும் நடைமுறை அவர் எழுதியது.

வீடிழக்கிற எல்லாருக்கும் ஒரே உதவி தேவையில்லை என்பதும் வேலையை எளிதாக்கியது. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா காப்பகப் பதிவேடுகளை வைத்து 1998இல் ராண்டல் கூன், டென்னிஸ் கல்ஹேன் இருவரும் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ 80 சதவீதம் பேர் கொஞ்ச நாளில் வெளியேறிவிட்டவர்கள். சுமார் 10 சதவீதம் பேரே மொத்தத் தங்கல் நாட்களில் பாதியை எடுத்துக்கொண்டவர்கள். முதல் வகையினருக்கு வாடகை பாக்கியோ முன்பணமோ போதும். இரண்டாம் வகையினருக்கு வீடும் கூடவே நெடுநாள் துணையும் வேண்டும்.

எங்கள் தகவல் கோரிக்கையை ஓர் அலுவலகம் ஐந்து மாதம் கிடப்பில் போட்டது. அங்கேயே கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இளநிலை உதவியாளர் ஒருவர், கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று ஒவ்வொரு வாரமும் தானாகவே அழைத்துச் சொன்னார். தம்பி, அந்த அழைப்புகள் இல்லாவிட்டால் நாங்கள் சோர்ந்து போயிருப்போம். சம்மதப் படிவத்தை எளிய மொழியில் எழுதிக்கொடுத்த வழக்கறிஞர், கூடத்தை வாடகையில்லாமல் தந்தவர்கள், ஒவ்வொரு கூட்டத்திலும் சைகை மொழியில் பெயர்த்தவர், எல்லாருக்கும் என் நன்றி. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2011-க்குப் பிறகு வீடற்றோர் எண்ணிக்கையை 60 சதவீதத்துக்கும் மேல் குறைத்தது, நூற்றுக்கும் மேற்பட்ட அமைப்புகள் ஒரே திட்டத்தின் கீழ் வேலை செய்ததால். அந்த ஒற்றுமையின் சிறு அளவை நான் உங்களிடம் பார்த்தேன்.

பட்டியல் கூட்டம் வழக்கம்போலப் புதன்கிழமை காலை நடக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் பெயரை வைத்திருந்த பெரியவர் இன்னும் பட்டியலின் முதல் வரியில் இருக்கிறார். படி ஏற முடியாதவர் என்பதால் தரைத்தளத்தில் ஒரு வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது தெரிந்தால் புதன்கிழமைக்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஒருங்கிணைப்பாளர்