ராமேஸ்வரம் கல்விச் சுற்றுலா: வெயில் காப்பு குறித்துப் பெற்றோருக்குக் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கு, வணக்கம்.

நம் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் வரும் பிப்ரவரி இரண்டாம் சனிக்கிழமையன்று ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் கல்விச் சுற்றுலா செல்கிறார்கள். கட்டணமும் பேருந்து நேரமும் முன்பே தெரிவிக்கப்பட்டுவிட்டன. எந்த சன்ஸ்கிரீன், அதாவது வெயில் காப்புக் களிம்பு, வாங்குவது என்று பெற்றோர் கூட்டத்தில் தாய்மார் சிலர் கேட்டதற்கு அன்று நிதானமாக விடை சொல்ல இயலாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தனுஷ்கோடியில் ஒதுங்க நிழல் கிடையாது. மேலிருந்து அடிக்கும் வெயில் போதாதென்று மணலும் நீரும் அதைத் திருப்பி முகத்தில் அடிக்கும். சென்ற முறை அழைத்துச் சென்ற பிள்ளைகளில் சிலர் திரும்பும் வழியில் பிடரியும் காதும் எரிகின்றன என்று அழுததை நான் மறக்கவில்லை. ஆகவே எனது முதல் வேண்டுகோள் துணியைப் பற்றியது. நம் ஊர்ப்பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை அணிந்து தலையில் துண்டு கட்டிக்கொள்கிறார்களே, அதைவிடச் சிறந்த வெயில் காப்பு கடையில் இல்லை. முழுக்கைப் பருத்திச் சட்டை, அகன்ற விளிம்புள்ள தொப்பி அல்லது துண்டு, ஒரு குடை ஆகியவற்றைக் கொடுத்தனுப்புங்கள். துணி மறைக்கும் இடத்தில் களிம்பு தேவையில்லை. கடலில் கரைவதற்கும் ஒன்றுமில்லை.

முகம், கழுத்து, புறங்கை, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் களிம்பு வேண்டியிருக்கும். அதை வாங்கும்போது விளம்பரத்தைப் பாராமல், பின்பக்கத்தில் சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கும் மூலப்பொருள் பட்டியலைப் பாருங்கள். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் இரண்டு வேதிப்பொருள்களும் இல்லாததாக இருக்கட்டும். முன்னது ‘பென்சோபினோன்-3’ என்றும், பின்னது ‘எத்தில்ஹெக்சில் மெத்தாக்சிசின்னமேட்’ என்றும் அச்சாகியிருப்பதால் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆய்வகச் சோதனைகளில் இவை கடலில் பவளத் திட்டுகளை உருவாக்கும் சிற்றுயிர்களான பவளப் பூச்சிகளின் இளம் பருவத்தைப் பாதிப்பது தெரியவந்ததையடுத்து, அமெரிக்காவின் ஹவாய் மாநிலம் 2018-இல் சட்டம் இயற்றி, 2021 ஜனவரி முதல் இவை கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையைத் தடுத்தது. பலாவ் தீவு நாடு 2020-இலேயே தடை விதித்தது. ஆக்சிபென்சோன் தோல் வழியே இரத்தத்தில் கலப்பதும் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. அதனால் தீங்கு விளையும் என்று உறுதியாகவில்லை என்றாலும், வளரும் பிள்ளைகளுக்கு வேறு நல்லது கிடைக்கும்போது அதைத் தேர்வதே சரி என்பது என் கருத்து.

அந்த வேறு நல்லது துத்தநாக ஆக்சைடு, அதாவது ஜிங்க் ஆக்சைடு. கிரிக்கெட் வீரர்கள் மூக்கில் வெள்ளையாகப் பூசிக்கொள்வது அதைத்தான். நானோ துகள், அதாவது மிக நுண்ணிய துகள், இல்லாதது என்று குறிப்பிட்டிருந்தால் இன்னும் நல்லது. வெயில் காப்பு அளவைக் குறிக்கும் எஸ்.பி.எஃப். 30 போதும், அது தோலை எரிக்கும் புறஊதா-பி கதிரில் ஏறத்தாழ 97 விழுக்காட்டைத் தடுக்கிறது, 50 என்பது 98 விழுக்காட்டைத் தடுக்கிறது. அந்த ஒரு விழுக்காட்டுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். தெளிப்பான் வகையை மட்டும் அனுப்பாதீர்கள். பேருந்துக்குள் அடித்தால் அருகிலிருக்கும் பிள்ளைகளின் மூச்சில் போகும்.

பிள்ளைகள் காணப்போகும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிப் பவளத் திட்டுகளும் உள்ளன. 1986 முதல் அந்தத் தீவுப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா. அங்குள்ள பவளங்கள் வெளுத்து நலிந்துபோவதற்கு முதற்காரணம் கடல் நீர் சூடாவதே. நம் பிள்ளைகளின் களிம்பு அன்று. ஆனால் கடலின் சூட்டை ஒரு பள்ளியால் தணிக்க முடியாது, பையில் எதை வைத்து அனுப்புகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

இன்னொன்றையும் வருத்தத்தோடு குறிப்பிடுகிறேன். பெண் கறுத்துவிடுவாள் என்று அஞ்சிச் சிவப்பழகுக் களிம்பைப் பூசி அனுப்பும் வழக்கம் இருக்கிறது. அது வெயில் காப்பு ஆகாது. முறையான உரிமமின்றி விற்கப்படும் சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பாதரசமும் கலந்திருக்கிறது. பிள்ளையின் நிறத்தில் குறையேதும் இல்லை. தயவுசெய்து அதை அனுப்பாதீர்கள்.

களிம்பை வெயிலில் இறங்குவதற்கு 20 நிமிடம் முன்பும், பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் பூச ஆசிரியைகள் நினைவூட்டுவார்கள். களிம்பு வாங்க வசதிப்படாதவர்கள் அதற்காகச் செலவு செய்ய வேண்டாம், பள்ளியில் பொதுவாக வாங்கி வைக்கிறோம். தோல் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் விவரத்தை ஒப்புதல் படிவத்தின் பின்புறம் எழுதி, புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
மேலூர் வட்டம், மதுரை மாவட்டம்