பால் கணக்கு

கொக்குவில்,
ஐப்பசி மாதம்.

அன்பின் வதனாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வட்ஸ்அப்பில் நாளுக்கு நாலு குரல்செய்தி அனுப்புகிறவள் இதை மட்டும் காகிதத்தில் எழுதி, முத்திரை ஒட்டி அனுப்பியிருக்கிறாய். பிள்ளைகளின் காதில் விழுந்துவிடும் என்ற பயம்தானே? என் வீட்டிலும் அதே நிலைதான். அதனால் நானும் பேனையை எடுத்துவிட்டேன்.

முதலில் ஊர்ப் புதினம். மழை தொடங்கிவிட்டது, கிணறு இன்னும் அரைவாசிக்குத்தான் வந்திருக்கிறது. சின்னம்மாவின் மூத்தவளுக்குத் தையில் கலியாணம். உங்கள் பழைய வீட்டு வேலியோரத்து முருங்கை போன வருடக் காற்றில் முறிந்து விழுந்ததல்லவா, அடிமரத்தில் திரும்பத் தளிர்த்துவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இரவில் இரண்டு முறை எழும்பி நப்கின் மாற்றுவதையும், கார் இருக்கையில் துவாய் விரித்துக்கொண்டு வேலைக்குப் போவதையும் எழுதிவிட்டு, கடைசியில் ‘எல்லோருக்கும் இருப்பதுதானே’ என்று முடித்திருக்கிறாய். அதன் கீழே கோடு வேறு. ஆறு வருடம் நானும் அந்த வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உனக்கு ஒருநாளும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

நாற்பதில் தொடங்கியது. முதலில் ஐந்து நாள் மாதவிடாய் ஏழானது, ஏழு பதினொன்றானது. பிறகு ஒன்பது நாள் இடைவெளி விட்டுத் திரும்பவும் வரும். கட்டிலில் றப்பர் விரிப்பு, அதன்மேல் பழைய சேலையை நாலாக மடித்து, அதன்மேல் நான். இரண்டு நப்கினை முன்பின்னாக அடுக்கி வைத்துக்கொண்டு, புரளாமல் ஒரு பக்கமாகவே படுப்பேன். ஒரு மணிக்கும் மூன்றரைக்கும் அலாரம். அலாரத்துக்கு முன்னரே அது என்னை எழுப்பிவிடும் நாட்கள்தான் கூட. எழுந்து நின்றவுடன் தொடை வழியே சூடாக இறங்கும். லைட்டைப் போடாமல், சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போவேன். விடியப் பார்த்தால் சீமெந்துத் தரையில் கட்டிலிலிருந்து கதவு வரைக்கும் துளித்துளியாகக் காய்ந்து கிடக்கும். மகள் எழும்புவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். அவளுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பது வேறு கதை.

பகல் அதைவிட மோசம். சாதாரணதரப் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நிற்கும்போது மூன்று மணித்தியாலம் வெளியே போக முடியாது. அலுமாரியில் இருந்த வெளிர்நிறச் சேலைகளை எல்லாம் மச்சாளுக்குக் கொடுத்துவிட்டேன். கறுப்பும் கடும் நீலமும்தான் மிஞ்சின. ‘ஏன் ரீச்சர் எப்போதும் துக்கவீட்டுக்குப் போகிற மாதிரி வருகிறீர்கள்?’ என்று ஒரு பையன் கேட்டான். நல்லூர்த் திருவிழா 25 நாளில் ஒரு வருடம் எனக்குக் கிடைத்தது ஆறே ஆறு நாள். மற்ற நாட்களெல்லாம் துடக்கு. தேரன்றும் வீட்டிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தத்தைத்தான் கேட்டேன். வீட்டுப் பிரச்சினையை மறைக்க முடிந்தாலும், கோயிலுக்குப் போகாததை அயலுக்கு மறைக்க முடியாது பார்.

இன்னொரு கூத்தும் நடந்தது. அரிசி புடைக்க உட்கார்ந்தால், சுளகிலிருந்து பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போடத் தொடங்கினேன். கொறிப்பதென்று நினைக்காதே, பிடிபிடியாக. மாமி பார்த்துவிட்டு, ‘இந்த வயதில் மசக்கையோ?’ என்றார். பிறகு குளிர்சாதனப் பெட்டியில் ஐஸ்கட்டி. அதைக் கடிக்கும் சத்தத்தில் இவர் எழும்பிவிடுவார். உடம்பில் இரும்புச்சத்து வற்றினால் இப்படியான ஆசைகள் வரும் என்று பிறகுதான் தெரிந்தது. விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான், குருதிச்சோகை பற்றிப் பத்தாம் வகுப்புக்குக் குறிப்புக் கொடுத்தவள். வகுப்பில் சொன்னதை வீட்டில் என் கையோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். பெயர் வேண்டாம். ‘எப்படிப் போகிறது?’ என்று கேட்டார். ‘கூடத்தான் போகிறது’ என்றேன். ‘இந்த வயதில் அப்படித்தான் அம்மா, நிற்கிற காலம் வருகிறது’ என்று விற்றமின் எழுதிக் கொடுத்து அனுப்பினார். அவரிலும் முழுப் பிழை இல்லை. ‘கூட’ என்றால் எவ்வளவு என்று என்னாலேயே சொல்ல முடியவில்லையே.

வழிகாட்டியது எங்கள் பகுதிக் குடும்பநல மாது. சுகவனிதையர் கிளினிக்குக்கு வரச்சொல்லிக் கேற்றடியில் நின்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். உள்பக்கம் கடதாசி போல வெளுத்திருந்ததாம். ‘எத்தனை நப்கின் என்று எண்ணி எழுதுங்கள் ரீச்சர். எழுதாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போகாதீர்கள்’ என்றார்.

எண்ணினேன். குசினிக் கலண்டரில் பென்சிலால் ஒவ்வொரு நாளுக்கும் கோடு. முழுவதும் ஊறினால் நேர்க்கோடு, பாதி என்றால் சாய்கோடு, கட்டி விழுந்தால் ஒரு வட்டம். இரண்டரைச் சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட கட்டி என்றால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். எங்கள் பத்து ரூபாய்க் குற்றி கிட்டத்தட்ட அந்த அளவு, உன் கனடா ஒரு டொலர்க் குற்றியும் அப்படித்தான். ஒன்று இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு நப்கின் முழுதாக நனைவது, இரவில் மாற்ற எழும்புவது, ஏழு நாளைத் தாண்டுவது எல்லாமே ‘கூட’ என்ற கணக்குக்குள்தான் வரும். புத்தகக் கணக்கில் ஒரு மாதத்துக்கு 80 மில்லிலீற்றர் எல்லை. பதினாறு தேக்கரண்டி. சாதாரணமாகப் போவது அதில் பாதி அல்லது அதற்கும் குறைவு. என் கலண்டரில் இரண்டாம் நாளுக்கு மட்டும் பதினான்கு நேர்க்கோடும் ஐந்து வட்டமும்.

இரண்டாம் மாதம் இவர் கலண்டரைப் பார்த்துவிட்டு, ‘என்ன, பால்காரருக்கு இவ்வளவு பாக்கியா?’ என்று கேட்டார். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் முதல் தடவையாக அவரை இருத்தி, அது பால் கணக்கில்லை என்று சொன்னேன். மனிதர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த நாள் கிளினிக்குக்குத் தானும் வருகிறேன் என்று சேட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

வி.ஓ.ஜி., அதுதான் பெரியாஸ்பத்திரியின் பெண்நோயியல் வைத்தியர், அந்தக் கலண்டர்த் தாள்களைத்தான் முதலில் பார்த்தார். எவ்வளவு போகிறது என்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, நேரே பரிசோதனைக்கு எழுதினார். ஹீமோகுளோபின் 7.4. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே குருதிச்சோகை. ஸ்கேனில் கர்ப்பப்பை பருத்திருந்தது. உட்படலம் தன் எல்லையில் நிற்காமல் தசைக்குள் ஊடுருவி வளர்ந்திருக்கிறதாம். அடினோமயோசிஸ் என்று பெயர். 45 வயதைத் தாண்டிவிட்டேன் என்பதால் உட்படலத்தில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தார்கள். அந்த முடிவு வரும்வரை இருந்த இரண்டு கிழமையை எழுதப் போவதில்லை. புற்றுநோய் இல்லை.

இரும்புச்சத்தை நாளத்தில் ஏற்றினார்கள், ஐந்து தடவை. போத்தலில் பார்த்தால் அசல் பிளேன்ரீ நிறம். அசல் பிளேன்ரீயைத்தான் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் இரும்பு உறிஞ்சப்படாதாம். யாழ்ப்பாணத்தாளுக்கு இதைவிடத் தண்டனை உண்டா? இப்போது குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்குகிறேன், தேநீர் இரண்டு மணித்தியாலம் கழித்து. மட்டிக்கறி, ஈரல், கௌபி, முருங்கையிலை எல்லாம் மாமி மாறி மாறித் தருகிறார். ஆனால் ஒன்று, அந்த நிலையில் முருங்கையிலையை மட்டும் நம்பியிருந்தால் இன்றைக்கும் படியேற முடியாமல் இளைத்துக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

இரத்தம் கூடிய நாட்களில் மட்டும் ட்ரனெக்சாமிக் அசிட் குளிசை தந்தார்கள். நாளுக்கு மூன்று வேளை, நாலைந்து நாளுக்கு மேல் இல்லை. முன்பு நாளத்தில் இரத்தக்கட்டி வந்தவர்களுக்கு இது ஆகாது, அதையும் கேட்டுத்தான் தந்தார்கள். இந்த மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் உதாகோ ஒகமோட்டோ என்ற ஜப்பானியப் பெண்ணும் அவருடைய கணவரும். 1962இல் வெளியிட்டார்கள். போருக்குப் பிந்திய வறுமையில் ஆராய்ச்சிக்குப் பொருள் கிடைக்காவிட்டால் சொந்த இரத்தத்தையே எடுக்கலாம் என்றுதான் இரத்தத்தைத் தேர்ந்தார்களாம். அந்த அம்மா கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுகூடத்தில் நின்றவர். இதை வாசித்த நாளிலிருந்து குளிசையை விழுங்கும்போதெல்லாம் அவருடைய நினைவு வருகிறது.

குளிசையால் பாதிதான் குறைந்தது. ‘எடுத்துப் போட்டுவிடு, நிம்மதி’ என்று மச்சாள் சொன்னாள். கர்ப்பப்பையைச் சொல்கிறாள், ஏதோ காய்ந்த தென்னோலையைச் சொல்வது போல. தேவையென்றால் எடுக்கத்தான் வேண்டும், அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அதற்கு முன் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன், இருந்தது. ஹோர்மோன் லூப். ஆங்கில ‘T’ எழுத்து வடிவில் ஒரு சிறு பிளாஸ்டிக், உள்ளே இருந்தபடி மெல்ல மெல்ல மருந்தை விட்டு உட்படலத்தை மெலிய வைக்கும். இரத்தப்போக்குக்கு 5 வருடம் வரை வேலை செய்யும். விலை சிறியதல்ல. வைத்த முதல் மூன்று மாதம் நாள்தோறும் சொட்டுச்சொட்டாகப் பட்டு என்னைச் சினப்படுத்தியது, கழற்றிவிடுவோமா என்றுகூட நினைத்தேன். ஆறு மாதம் வரை அப்படி இருக்கலாம் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள். இது ஐந்தாம் மாதம். போன கிழமை கலண்டரில் மூன்றே மூன்று சாய்கோடு. ஹீமோகுளோபின் 11.8. அலாரத்தை நிறுத்திவிட்டேன், ஆனாலும் மூன்றரைக்குக் கண் விழித்துக்கொள்கிறது.

இதையெல்லாம் கேட்ட பிறகுதான் மாமி வாய் திறந்தார். அவருக்கும் இப்படித்தானாம், நாற்பதுக்குப் பிறகு பத்து வருடம் சாக்கு விரித்துத்தான் படுத்தாராம். ‘எங்களை யார் கேட்டார்கள், நாங்கள் யாரிடம் சொன்னோம்’ என்று சொல்லிவிட்டு மட்டிக் கோதை உடைக்கத் தொடங்கிவிட்டார். என் அம்மாவும் விடிவதற்கு முன் கிணற்றடியில் துணி தோய்ப்பதை நான் கண்டிருக்கிறேன். பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழத்தில் தோய்த்தது உனக்கும் நினைவிருக்கும். துணியில் மஞ்சள் கறை ஏறி, அந்த மணம் வெயிலில் காய்ந்தாலும் போகாது.

இனித்தான் உன் கதை. 1995 ஐப்பசியில் யுத்தத்தால் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த அந்த இரவை நினைத்துப் பார். மழை. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் திரும்ப முடியாது. நீ என் தோளைப் பிடித்து ‘எனக்கு வந்துவிட்டது’ என்றாய். என் உட்பாவாடையைக் கிழித்துத் தந்தேன். ஒரு மணித்தியாலத்தில் அது போதாது என்றாய், மிச்சத்தையும் கிழித்தேன். மழை நல்லதுக்குத்தான், ஒருவருக்கும் தெரியவில்லை என்று பிறகு இருவரும் சிரித்தோம். நமக்கு அப்போது பதினாறு வயது. எனக்கு நாற்பதில் வந்த வருத்தம் உனக்குப் பதின்மூன்றிலிருந்தே இருக்கிறது. மீசாலையில் இருந்தபோது உனக்குப் பல்லுப் பிடுங்கி, இரண்டு நாள் பஞ்சு கடித்தும் இரத்தம் நிற்காமல் உன் அம்மா அழுதது எனக்கு நினைவிருக்கிறது.

என்னுடைய வி.ஓ.ஜி. என்னிடம் கேட்ட கேள்விகளில் இந்த இரண்டும் இருந்தன: பெரியபிள்ளையான நாளிலிருந்தே கூடவா? பல்லுப் பிடுங்கினால் நிற்காதா? எனக்கு இரண்டுக்கும் இல்லை. அந்த இடத்திலேயே உன் நினைவுதான் வந்தது. இரத்தம் உறைவதற்கு வேண்டிய ஒரு புரதம் பிறவியிலேயே குறைவாக இருப்பவர்கள் உண்டு. வொன் வில்லிபிரான்ட் நோய் என்பார்கள். அந்தப் பெயருடைய பின்லாந்து வைத்தியர் 1926இல் அதைப் பற்றி எழுதினார். அவரிடம் காட்ட ஐந்து வயதில் கொண்டுவந்த ஒரு தீவுச் சிறுமி, பதின்மூன்று வயதில், நான்காவது மாதவிடாயில் இரத்தம் நிற்காமலே இறந்துபோனாள். உனக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை, நான் வைத்தியர் இல்லை. ஆனால் இரத்தத்தைச் சோதித்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் அதற்கேற்ற மருந்தும் இருக்கிறது. பரம்பரையாக வருவது என்பதால் உன் மகளுக்காகவும் கேட்டுவை.

உன் குடும்ப வைத்தியர் ஊரவர், அப்பாவைத் தெரிந்தவர், கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் வேறொருவரிடம் போ. அல்லது நான் செய்தது போலத் தாளை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இரு, அவர் வாசிக்கட்டும்.

அடுத்த மாதம் இவருடைய தம்பி ஸ்காபரோவுக்கு வருகிறார். புழுக்கொடியலும் பனங்கட்டியும் மிளகாய்த்தூளும் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். அதற்குள் இரண்டு கிழமைக் கோடுகளையாவது போட்டு எனக்கொரு படம் அனுப்பு. பிள்ளைகள் கேட்டால் பால் கணக்கு என்று சொல்.

என்றும் அன்புடன்,
சாந்தி