செயலாளர் ஆண்டறிக்கை: முகத்தின் நிறம் பற்றி நாம் பேசிய ஓராண்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், காரைக்குடி, தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் ஆகிய ஊர்களிலிருந்து இன்று ஸ்டூடியோவை அடைத்துவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நம் ஒளிப்படக் கலைஞர் சங்கத்தில் நடந்தவற்றை இந்த அறிக்கையில் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா நிலுவை, அடையாள அட்டை புதுப்பித்தல் பற்றிய விவரங்கள் அறிவிப்புப் பலகையில் உள்ளன. எனவே என் அறிக்கையில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியது. மாதக் கூட்டங்களில் எங்கிருந்து பேச்சைத் தொடங்கினாலும், நாம் எடுக்கும் முகத்தின் நிறத்தில்தான் அது வந்து நின்றது.

சித்திரைக் கூட்டத்தில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். ஒவ்வொருவரும் தமக்கு நிறைவளிக்காத ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவர வேண்டும், அதைச் சுற்றுக்கு விட வேண்டும், எடுத்தவர் முதலில் பேசக்கூடாது என்பதே அந்த வழக்கம். நன்றாக வந்த படத்தைக் காட்ட யாரும் தயங்குவதில்லை. தவறிய படத்தைக் காட்டுவதற்குத்தான் மனம் வேண்டும். முதல் கூட்டத்தில் பலர் வெறுங்கையோடு வந்தார்கள். அப்போது பள்ளத்தூர் உறுப்பினர் ஒருவர், தாம் எடுத்த அறுபதாம் கல்யாணப் படம் ஒன்றை மேசைமேல் வைத்தார். வெள்ளை வேட்டியும் வெள்ளை ஜிப்பாவும் அணிந்த பெரியவர், அருகில் பட்டுடுத்திய ஆச்சி. வேட்டியின் கரைகூடத் துல்லியமாக இருந்தது. பெரியவர் முகம் மட்டும் இருண்டு கிடந்தது. ஆல்பத்தைப் பார்த்த மகள், "எங்க அப்பச்சி மாநெறம் தம்பி, இப்புடியா இருப்பாக?" என்று கேட்டாராம்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியதில் அன்றைய மாலை முழுவதும் சென்றது. காமிராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச்சாம்பல் நிறமாகவே எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. சட்டகத்தில் பாதிக்குமேல் வெள்ளை வேட்டியும் சுண்ணாம்புச் சுவரும் இருந்தால், வெளிச்சம் அதிகம் என்று கருதி ஒளியைக் குறைத்துவிடுகிறது, அந்தக் குறையை முகம் சுமக்கிறது. பாஸ்போர்ட் படத்துக்காக வெள்ளைத் திரைக்கு முன் உட்காருகிறவருக்கும் இதுவேதான் நேர்கிறது. பிறகு நாம் கணினியில் உட்கார்ந்து முகத்தை வெளுக்க வைக்கிறோம். வாடிக்கையாளர் கேட்டார் என்று நாம் சொல்லும் வெளுப்பில் ஒரு பகுதி, நாம் செய்த அளவுப் பிழையை மூடுவதற்கே என்பது என் உறுதியான எண்ணம். ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைக் கன்னத்தில் வைத்து அளந்து, வேட்டியின் மடிப்பு வெளுத்துப்போகாத அளவுக்கு விளக்கைத் திருப்பிக்கொண்டால் போதும் என்று மூத்த உறுப்பினர் ஒருவர் செய்து காட்டியதை அடுத்த மாதமே பலர் கடைப்பிடித்துப் படங்களோடு வந்தார்கள்.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால், கானாடுகாத்தானில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டைப் பங்காளிகள் அனைவரின் சம்மதத்தோடு திறக்கச் செய்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சி நடத்தினோம். வளவு எனப்படும் வீட்டின் உள்முற்றத்தின் ஒளி எவ்வளவு மென்மையானது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆளைத் தூண் வரிசைக்குச் சற்று உள்ளே, முற்றத்தைப் பார்த்து உட்கார வைத்தால், பின்னால் பட்டாலை என்னும் உள்திண்ணை இருளாக விழ, முகம் மட்டும் மலர்ந்து நிற்கும். அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டியையே அப்படி உட்கார வைத்தோம். காலை பத்து மணியளவில், முற்றத்துக்குள் சாய்ந்து இறங்கிய வெயில் நடையின் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு முழ அகலத்துக்கு விழுந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, அந்த அம்மாளின் தாடைக்குக் கீழும், மூக்கின் அடியிலும், கழுத்துச் சுருக்கங்களிலும் செங்காவிப் பூச்சுப்போல ஒரு சிவப்பு ஏறியிருந்தது. கண்ணாடித் தகட்டின்மேல் நிறக்கலவையை ஊற்றிக் கையால் செய்யப்படும் அந்தக் கற்களின் அடர்ந்த நிறத்தில் வெயில் பட்டதும் தரையே ஒரு சிவப்பு விளக்காகிவிடுகிறது.

இளைய உறுப்பினர் ஒருவர் வெள்ளைச் சமநிலையை, அதாவது படம் முழுவதற்குமான நிறத் திருத்தத்தை, மாற்றிச் சரிசெய்ய முயன்றார். தாடையின் சிவப்பு குறைந்தது, ஆனால் வானத்தின் நீல ஒளி விழுந்த நெற்றி பச்சை கலந்த நீலமாகத் திரும்பியது. ஒரே முகத்தில் மேலிருந்து ஒரு நிறமும் கீழிருந்து வேறொரு நிறமும் விழும்போது, ஒற்றைத் திருத்தம் இரண்டையும் ஆற்றாது. மூத்தவர் எழுந்து, தம் பையிலிருந்த எட்டு முழ வேட்டியை உதறி, சட்டகத்துக்கு வெளியே, வெயில் விழுந்த தரைமேல் விரித்தார். அடுத்த படத்தில் சிவப்பு இல்லை. தாடைக்குக் கீழிருந்த நிழல் இளகியது. கண்ணின் கீழ்ப்பாதியில் ஒரு சிறு வெள்ளைப் பொட்டு மின்னியது. அந்த அம்மாள் காமிராவைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "நான் இன்னம் இருக்கேன்ல" என்றார். அன்று அங்கே இருந்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதற்குப் பின் நம்மில் பலருடைய பையில் ஒளியைத் திருப்பும் ரிஃப்ளெக்டரோடு ஒரு வெள்ளை வேட்டியும் இருக்கிறது.

விளக்குத் தாங்கியின் இரும்புக் கால்களுக்கு ரப்பர் மாட்டாமல் அந்தத் தரையில் வைக்கலாகாது என்பதையும், சுவரிலோ நிலையிலோ ஆணி அடிப்பதும் டேப் ஒட்டுவதும் கூடாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். ஓர் உறுப்பினர் செய்யும் கீறலுக்காக நம் அனைவருக்கும் அந்தக் கதவுகள் அடைபடும்.

ஐப்பசிக் கூட்டத்தில் நடந்த விவாதம் எளிதானதல்ல. வாடிக்கையாளர் "கொஞ்சம் கலராக்கிக் குடுங்க" என்று, அதாவது முகத்தை வெளுக்க வைத்துத் தரும்படி, கேட்கும்போது கொடுப்பதுதானே தொழில் என்று சிலர் வாதிட்டார்கள். அவர்களுடைய வாடகையும் மின்கட்டணமும் எனக்குத் தெரியாதவை அல்ல. இதற்கு நீண்ட வரலாறு உண்டு என்பதை மூத்தவர் விளக்கினார். படம் பதிக்கும் பழைய கண்ணாடித் தகடுகளும், ஆர்த்தோகுரோமாடிக் எனப்பட்ட பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமும் சிவப்பு ஒளியை உணராதவை. ஆகவே நம் மாநிறத் தோல் அவற்றில் உள்ளதைவிடக் கறுப்பாகவே விழுந்தது, அதை ஈடுகட்ட நெகட்டிவின்மேல் கூர்மையான பென்சிலால் தடவி முகத்தை வெளுக்க வைப்பது ஒரு கைத்தொழிலாகவே வளர்ந்தது. பிறகு வந்த வண்ண ஃபிலிமுக்கும், பிரிண்ட் போடும் லேப்களின் நிற அளவுக்கும் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் அச்சிட்ட அட்டையே அளவுகோலாக இருந்தது. அந்தக் குறைகள் இன்றைய காமிராவில் பெரும்பாலும் நீங்கிவிட்டன. பழக்கம் மட்டும் நம் விரலில் தங்கிவிட்டது.

அந்தக் கூட்டத்தில் நான் சொன்னதை இங்கும் எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஜாதகத்தோடு அனுப்புவதற்காக ஒரு பெண்ணைப் படமெடுத்தேன். தாயார் கேட்டதற்கு மேலாகவே நிறத்தைக் கூட்டிக் கொடுத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள், படத்தில் வேறு மாதிரி இருந்ததே என்று அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார்கள். தாயார் என்னிடம் வந்து கோபப்படவில்லை. அந்தப் படத்தை மேசையில் வைத்துவிட்டு, உள்ளபடி ஒன்று எடுத்துத் தரும்படி கேட்டார். பெண் வரவில்லை. அந்தத் தவறு என்னுடையது. அன்றுமுதல் ஜாதகப் படத்தில் நான் நிறத்தைத் தொடுவதில்லை.

முகத்தை வெளுக்க வைப்பதைத் தடை செய்ய வேண்டும் என்ற முன்மொழிவு நிறைவேறவில்லை. பெரும்பான்மையோர் ஏற்றது இதுதான்: முதலில் உள்ளபடியான பிரிண்டைக் காட்டுவது, அதன் பிறகும் கேட்டால் வாடிக்கையாளரை அருகில் அமர்த்தியே மாற்றுவது, பருவை எடுக்கலாம், மச்சத்தையும் தழும்பையும் கேட்காமல் எடுக்கக்கூடாது. முதல் பிரிண்டைக் கண்ட பின் வெளுக்கச் சொல்கிறவர்கள் குறைந்திருப்பதாக உறுப்பினர்கள் பலர் சொல்கிறார்கள்.

பழைய சட்டமிட்ட படங்களை நகலெடுக்கும் வேலை இவ்வாண்டும் நிறைய வந்தது. ஈரம் ஏறிய வீடுகளில் படத்தின் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருக்கும். பிரித்தால் முகம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். சட்டத்தைத் திறக்காமல், இருபுறமும் 45 பாகைச் சாய்வில் விளக்கு வைத்துக் கண்ணாடிமேலேயே எடுங்கள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ணமேற்றித் தரும்படி பேரப்பிள்ளைகள் கேட்கும்போது, செயலி தரும் நிறத்தை அப்படியே கொடுக்காமல், படத்தில் இருப்பவரை நேரில் கண்ட ஒருவரை வீட்டில் தேடிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

1839ஆம் ஆண்டு ஒளிப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆகஸ்ட் 19ஆம் நாளை வழக்கம்போல் கொண்டாடினோம். விசாப் படங்கள் பற்றிய வகுப்பும் நடந்தது. அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்னணி, 2016 நவம்பர் முதல் மூக்குக்கண்ணாடி கூடாது, முகத்தில் திருத்தம் கூடாது என்பவற்றை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

பாஸ்போர்ட் படம் பற்றி ஒரு முன்மொழிவோடு முடிக்கிறேன். ஒருவர் மறைந்த மறுநாள், பதினாறாம் நாளுக்குள் பெரிதாக்கிச் சட்டமிட்டுத் தரும்படி வீட்டார் நம்மிடம் கொண்டுவருவது, பெரும்பாலும் ஏதோ ஒரு விண்ணப்பத்துக்காக எடுத்த, கண்ணாடியைக் கழற்றிய, சிரிக்காத அந்தச் சிறு படத்தைத்தான். ஆகவே இனி அறுபது கடந்த எவர் பாஸ்போர்ட் சைஸுக்கு வந்தாலும், அந்தப் படம் முடிந்தவுடன் எழுந்துபோக விடாமல், கண்ணாடியைப் போட்டுக்கொள்ளச் சொல்லி, விளக்கைச் சற்றுப் பக்கவாட்டில் தள்ளி, கன்னத்தில் அளந்து, அவர்களோடு இரண்டு வார்த்தை பேசி, இன்னொரு படத்தையும் பணம் வாங்காமல் எடுத்து, முழு அளவில் இரண்டு இடங்களில் சேமித்து வைக்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். வழிமொழியுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்