கேட்காமலே விழும் தடை

ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் எழுதுவதற்கும் பேசுவதற்கும் நீதிமன்றம் எந்த அளவுக்கு வரம்பு போடலாம் என்பது பற்றிச் சென்ற இதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பு இல்லை. எதிர்த்தரப்பு வாயைத் திறக்கும் முன்பே அந்த அதிகாரம் வேலையை முடித்துவிடுகிறதே, என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

2025 செப்டம்பரில் டெல்லியில் நடந்ததைப் பாருங்கள். 6ஆம் தேதி ரோகிணி சிவில் நீதிமன்றம், அதானி நிறுவனம் தொடுத்த அவதூறு வழக்கில், பத்திரிகையாளர்கள் சிலரின் தரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை விதித்தது. பெயர் தெரியாதவர்களும் ‘ஜான் டோ’ என்று பிரதிவாதிகளாகச் சேர்க்கப்பட்டிருந்தார்கள். பத்தே நாளில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்த உத்தரவைக் காட்டி, யூடியூப் காணொளிகளையும் இன்ஸ்டாகிராம் பதிவுகளையும் நீக்கச் சொன்னது. அப்படிக் கடிதம் வந்தவர்களில் பலர் வழக்கில் பெயர் குறிப்பிடப்பட்டவர்களே இல்லை. 18ஆம் தேதி மேல்முறையீட்டில் மாவட்ட நீதிபதி, நான்கு பத்திரிகையாளர்களைப் பொறுத்தவரை தடையை ரத்து செய்தார். அவர்களைக் கேட்டுவிட்டு முடிவெடுத்திருக்க வேண்டும் என்றார். அந்தக் கட்டுரைகள் அவதூறு ஆகாது என்று பின்னால் முடிவானால், நீக்கியதைத் திரும்பக் கொண்டுவருவது சாத்தியப்படாது என்றும் சொன்னார்.

அதே ஆண்டு ஜூலையில் பெங்களூரு சிவில் நீதிமன்றம், கர்நாடகக் கோயில் ஊரான தர்மஸ்தலாவில் பல உடல்கள் புதைக்கப்பட்டதாக எழுந்த புகார் பற்றிய விவகாரத்தில், ஒரே உத்தரவில் 8,842 இணைப்புகளை நீக்கச் சொன்னது. ஓர் இணைப்புக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தாலும், அத்தனையையும் பார்த்து முடிக்க 290 மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லாவற்றையும் படித்துப் பார்த்துத்தான் உத்தரவு பிறந்தது என்று நம்ப என்னால் முடியவில்லை. ஆகஸ்ட் 1 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம், தன்னிடம் முறையிட்ட ஒரு யூடியூப் சேனலைப் பொறுத்தவரை அந்தத் தடையை விலக்கியது. வழக்குப் போட வழியில்லாத மற்றவர்கள்?

இந்த ‘ஜான் டோ’ முறை நம் நாட்டுக்குள் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தைத் திருட்டுத்தனமாகக் காட்டிய கேபிள்காரர்களைத் தடுக்க டெல்லி உயர் நீதிமன்றம் கையாண்ட வழி அது. யார் திருடுகிறார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரியாத நிலையில் அது நியாயம்தான். ஆனால் சொந்தப் பெயரில் கட்டுரை எழுதி, கீழே மின்னஞ்சல் முகவரியும் கொடுத்திருக்கும் ஒருவரை எப்படி அடையாளம் தெரியாதவர் கணக்கில் சேர்ப்பது? காலையில் மின்னஞ்சல் அனுப்பினால் மாலையில் அவருடைய வக்கீல் நீதிமன்றத்தில் நிற்பார்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 39ஆம் கட்டளையின் 3ஆம் விதி, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு அனுப்பாமல் தடை கொடுப்பதாக இருந்தால் ஏன் அவ்வளவு அவசரம் என்று நீதிபதி காரணம் எழுத வேண்டும் என்கிறது. அப்படிக் கொடுத்த தடையை 30 நாளுக்குள் விசாரித்து முடிக்க முயல வேண்டும் என்கிறது அடுத்துவரும் 3ஏ. 2024 மார்ச்சில் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் கடுமையாகச் சொன்னது. விசாரணைக்கு முன்பே ஒரு கட்டுரையைத் தடுப்பது அதற்கு மரண தண்டனை கொடுப்பது போன்றது என்று எச்சரித்து, கீழ் நீதிமன்றம் விதித்து உயர் நீதிமன்றமும் ஏற்ற தடையை நீக்கியது. இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் அடுத்த ஆண்டே பெங்களூருவும் ரோகிணியும் நடந்தன.

இதில் தமிழ் வாசகர்களுக்குக் கூடுதல் உரிமை உண்டு என்று நினைக்கிறேன். 1994இல் நக்கீரன் இதழ் தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிட முனைந்தபோது, அது பொய், நிறுத்துங்கள் என்று சிறைத்துறை தலைமை அதிகாரி கடிதம் எழுதினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவதூறாக இருக்கும் என்ற அச்சத்தில் அரசோ அதிகாரிகளோ ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க முடியாது, பாதிக்கப்பட்டவர் வெளியான பிறகு வழக்குப் போடலாம் என்று நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பு எழுதினார். அச்சுப் பத்திரிகைக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பு, கைப்பேசியில் படம் பிடித்துப் பேசும் ஒருவருக்கு மட்டும் ஏன் கிடைக்கக் கூடாது?

அப்படியானால் பெண்களின் படத்தை மார்ஃபிங் செய்து பரப்புகிறவர்களை என்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அங்கே ஒரு மணி நேரத் தாமதம்கூடக் கொடுமை. கேட்காமலே நீக்கச் சொல்லட்டும், நான் முழுமனதோடு ஆதரிப்பேன். அதே 1994 தீர்ப்பு சாதாரண மனிதரின் அந்தரங்கத்தையும் காத்தது. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை வெளியிடக் கூடாது என்றும் சொன்னது. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய பொய்ப் படமும், ஒரு நிறுவனத்தின் கணக்குவழக்கைப் பற்றிய கட்டுரையும் ஒன்றல்ல. இரண்டுக்கும் ஒரே அவசரத்தில் ஒரே மாதிரி உத்தரவு போடும்போதுதான் வினையே தொடங்குகிறது.

யூடியூபும், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டாவும் போராடும் என்று எதிர்பார்ப்பது வீண். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவுப்படி, நீதிமன்ற உத்தரவு வந்தும் நீக்காவிட்டால் பிறர் போட்ட பதிவுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று அவர்களுக்கு இருக்கும் சட்டப் பாதுகாப்பு போய்விடும். யாரோ ஒருவருடைய பத்து நிமிடக் காணொளிக்காக அவர்கள் ஏன் அதைப் பணயம் வைக்க வேண்டும்? அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

இவ்வளவு சொன்னாலும், நீதிமன்றமே தலையிடக் கூடாது என்பவர்களோடு நான் சேர மாட்டேன். நீதிபதி விலகினால் அந்த நாற்காலியில் அதிகாரி உட்காருவார். அரசு செய்யும் இணையதள முடக்கம் பற்றிய 2009 விதிகளில் 16ஆவது விதி, அந்த நடவடிக்கைகளை ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நீதிமன்ற உத்தரவையாவது நாம் படிக்கலாம், மேல்முறையீடு செய்யலாம். இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற 66ஏ பிரிவை 2015இல் தூக்கி எறிந்ததும் நீதிமன்றம்தான். விக்கிபீடியா பக்கம் ஒன்றை நீக்கச் சொன்ன டெல்லி உயர் நீதிமன்ற உத்தரவை 2025 மே மாதம் ரத்து செய்ததும் உச்ச நீதிமன்றம்தான். அந்தப் பக்கம் பேசியது உயர் நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்த வழக்கைப் பற்றி! தன்னைப் பற்றிய விமர்சனத்தைக்கூடத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. முதல் உத்தரவு பிறக்கும் இடத்திலும் அந்த நிதானம் வர வேண்டும். அதற்கு உயர் நீதிமன்றங்கள் தங்கள் கீழுள்ள நீதிமன்றங்களுக்கு எழுத்தில் அறிவுறுத்தல் அனுப்பலாம்: காரணம் எழுதாத ஒருதரப்புத் தடை கூடாது, இன்ன வாக்கியம் தவறு என்று சுட்டாமல் இணைப்புகளை மொத்தமாக நீக்கச் சொல்லக் கூடாது என்று.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. இனி இத்தகைய தடையைச் செய்தியாகப் போடும்போது, ‘நீதிமன்றம் தடை’ என்ற தலைப்போடு நிறுத்திவிடாதீர்கள். எதிர்த்தரப்பைக் கேட்டார்களா, எத்தனை இணைப்புகள், அடுத்த விசாரணை எந்தத் தேதி என்பதையும் அதே செய்தியில் சேர்த்துப் போடுங்கள். அந்தத் தேதி வந்ததும் என்ன ஆனது என்று மறக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்