எங்கள் டவுன்டவுனுக்கு என்ன கடை வேண்டும்?

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயை இங்கே எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று தனியாக எழுதுகிறேன், கவலைப்பட வேண்டாம்.

போன வாரம் போனில், செவ்வாய்க்கிழமை ராத்திரி எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டீர்கள். நகராட்சிக் கூட்டத்துக்கு என்றதும், "உனக்குத்தான் அங்கே ஓட்டே இல்லையே" என்றீர்கள். ஓட்டு இல்லைதான். ஆனால் அவர்கள் கேட்டிருக்கும் கேள்வி இங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் உரியது. டவுன்டவுனில், அதாவது ஊர் நடுக் கடைத்தெருவில், காலியாகக் கிடக்கும் கட்டடங்களில் என்ன கடை வர வேண்டும்? வீடு வீடாகப் படிவம் கொடுத்திருக்கிறார்கள், கூட்டமும் வைக்கிறார்கள். போனில் அவசரத்தில் சொல்ல முடியாததை இப்போது விவரமாகச் சொல்கிறேன்.

ஒஹாயோவில் இப்படிப்பட்ட சிற்றூர்கள் நிறைய. நடுவில் கோர்ட் கட்டடம், அதைச் சுற்றி நான்கு பக்கமும் செங்கல் கட்டடங்கள். இரண்டு மாடி, மூன்று மாடி, கீழே பெரிய கண்ணாடி வைத்த கடை முகப்பு. கட்டியவர்கள் மனசு வைத்துக் கட்டியிருக்கிறார்கள், நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். கோர்ட் இருப்பதால் வக்கீல் ஆபீஸ்கள் நடக்கின்றன. இன்சூரன்ஸ் ஆபீஸ், வங்கி, நகப்பூச்சு போடும் இடம், பழைய சாமான் விற்கும் கடைகள் என்று சில உண்டு. ஆனால் ஒரு லிட்டர் பால் வாங்க முடியாது. காய்ச்சல் மாத்திரை, ஒரு ஆணி, பிள்ளைக்கு ஒரு ஜோடி சாக்ஸ், எதுவும் கிடைக்காது. அதற்கெல்லாம் காரில் ஏறி நெடுஞ்சாலை ஓரம் இருக்கிற பெரிய கடைகளுக்குப் போக வேண்டும்.

எனக்கு லைசென்ஸ் கிடைக்காமல் இருந்த அந்த முதல் குளிர்காலத்தை உங்களுக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை. நடைபாதை இல்லாத சாலையின் ஓரத்தில், பனி ஒதுக்கிய மேட்டின் மேல் கால் வைத்து, பையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். அருகில் கடை இல்லாமல் போவது அமெரிக்க அரசாங்கமே அளந்து வைத்திருக்கிற விஷயம். நகரமானால் ஒரு மைலுக்குள், கிராமப்புறமானால் 10 மைலுக்குள் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறதா என்று விவசாயத் துறை வரைபடம் போட்டுப் பார்க்கிறது. ஒரு மைல் என்பது காரில் போகிறவருக்கு ஒன்றுமில்லை. எழுபது வயதில் கைத்தடியோடு நடப்பவருக்கு அது வேறு கணக்கு.

இந்தத் தெரு எப்போதும் இப்படி இருக்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டியின் சின்ன வயதில் சனிக்கிழமை சாயங்காலம் இங்கே தோளோடு தோள் இடிக்கும் கூட்டம் இருந்ததாம். பிறகு என்ன ஆயிற்று என்று நூலகத்தில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். 1956 என்ற ஒரே வருஷத்தில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது. ஜனாதிபதி ஐசனோவர் நெடுஞ்சாலைச் சட்டத்தில் கையெழுத்திட்டார், 41,000 மைல் சாலைக்குத் திட்டம். அதே வருஷம் அக்டோபரில் மின்னசோட்டாவில் ஈடைனா என்ற ஊரில் சவுத்டேல் மால் திறந்தது. முழுக்கக் கூரை போட்டு, வெயிலும் பனியும் உள்ளே வராமல் கட்டிய முதல் மால் அதுதான். வாகனம் நிறுத்த இடம் தாராளம், வாடகைக்கு விட இடம் தாராளம். கடைகள் ஒவ்வொன்றாக ஊர் நடுவிலிருந்து அந்தப் பக்கம் நகர்ந்தன. பல ஊர்களில் நடந்தது இதுதான்.

அந்த மால் கட்டடத்தை வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன், வியன்னாவில் பிறந்த யூதர். 1938-இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் தப்பி அமெரிக்கா வந்தவர். தன் ஊரின் சதுக்கங்களில் மக்கள் நடந்து, உட்கார்ந்து, பேசிக் கழிக்கிற மாதிரி ஓர் இடத்தை இங்கேயும் உண்டாக்க நினைத்தார். மால் கட்டடத்தைச் சுற்றி வீடுகள், பள்ளிக்கூடம், பூங்கா எல்லாம் அவர் வரைந்த திட்டத்தில் இருந்தன. வந்து சேர்ந்தது கடைகளும் கார் நிறுத்துமிடமும்தான். கடைசிக் காலத்தில் மனம் கசந்து வியன்னாவுக்கே திரும்பிப் போய்விட்டார். விட்டுவந்த ஊரை இன்னோர் இடத்தில் உண்டாக்க நினைத்த அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை அப்பா. பரிவுதான் வருகிறது.

கூட்டத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூட உணவுக்கூடத்தில் நடந்தது. சுவரில் பெரிய தாள் ஒட்டி, வேண்டிய கடையை எழுதி ஒட்டச் சொன்னார்கள். இளைஞர்கள் எழுதியது காபி ஷாப், புத்தகக் கடை, இசைக்கருவிக் கடை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேலும் திறந்திருக்கும் ஏதாவது ஒன்று, அது எதுவானாலும் பரவாயில்லை என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அதை எழுத்தாளர் ஒருவர் எழுதியதுபோல இரண்டு தரம் படித்தேன். பதினாறு வயதாகாத பிள்ளைகளுக்கு இங்கே தனியாகக் கார் ஓட்ட அனுமதி கிடையாது. பள்ளி விட்டால் போக்கிடம் இல்லை. யாரும் விரட்டாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க ஓர் இடம், அதைத்தான் அவன் கேட்கிறான்.

வயதானவர்கள் ஒரே குரலில் மருந்துக்கடை கேட்டார்கள். வெறுமனே பில் போடுகிற கடை போதாது, தங்களுக்கு என்ன மருந்து ஓடுகிறது என்று தெரிந்த பார்மசிஸ்ட் வேண்டும் என்றார்கள். இரண்டு டாக்டர்கள் எழுதிய மாத்திரைகள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்று கண்டுபிடித்துச் சொல்கிறவர் அவர்தானே. அடுத்தபடி மளிகைக்கடை. ஒரு தாத்தா ஹார்டுவேர் கடை கேட்டார். பெரிய கடையில் ஐம்பது திருகாணி உள்ள பெட்டியாகத்தான் விற்கிறார்கள், எனக்கு இரண்டு போதும், எது பொருந்தும் என்று சொல்லவும் ஆள் வேண்டும் என்றார். கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், பிள்ளைகளின் காலை அளந்து பார்த்து ஷூ தரும் கடை கேட்டாள். துணி தைத்துத் திருத்தித் தருகிறவர், செருப்பு தைக்கிறவர், சைக்கிள் ரிப்பேர் செய்கிறவர் வேண்டும் என்று ஒரு பக்கம் தனியாகவே இருந்தது. எனக்கு அந்தப் பக்கம்தான் மிகவும் பிடித்தது. விற்கிற கடையைவிடச் சரிசெய்கிற கடைக்கு மக்கள் திரும்பத் திரும்ப வருவார்கள். கொடுக்க ஒரு முறை, வாங்க ஒரு முறை. இணையத்தில் வாங்கி வீட்டுக்கு வரவழைக்க முடியாத ஒன்றும் அதுதான்.

பிறகு நகராட்சி வரவழைத்திருந்த ஆலோசகர் பேசினார். ஆசை வேறு, நடைமுறை வேறு என்று பொறுமையாக விளக்கினார். இந்த ஊர்க்காரர்கள் சம்பாதித்து வெளியூரில் செலவழிக்கிற பணத்தை முதலில் கணக்கிடுவார்களாம். அதைக் கசிவு என்கிறார்கள். எந்தச் சாமானுக்கு அதிகம் கசிகிறதோ அந்தக் கடைக்கு இங்கே இடம் இருக்கிறது என்று அர்த்தம். ஆனாலும் மளிகையில் லாபம் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று வரைதான் நிற்கும். அதனால் சின்னக் கடை பெரிய கடையின் விலைக்கு விற்கவே முடியாது. நாலு சென்ட் கூடக் கொடுத்தாவது இங்கே வாங்குவேன் என்று எத்தனை பேர் நெஞ்சில் கை வைத்துச் சொல்வீர்கள் என்று கேட்டார். கூடம் அமைதியாகிவிட்டது. நியாயமான கேள்வி. படிவத்தில் இந்தக் கேள்வியையும் சேர்த்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். எந்தக் கடை வேண்டும் என்று மட்டும் கேட்டால் எல்லோரும் புத்தகக் கடை என்றுதான் எழுதுவார்கள். போன மாதம் எங்கே, எதை, எத்தனை முறை வாங்கினாய் என்று கேட்டால்தான் உண்மை தெரியும்.

பெரிய நிறுவனங்களின் கிளைகள் வரலாமா கூடாதா என்று ஒரு சண்டையும் நடந்தது. சான் பிரான்சிஸ்கோவில் இதற்கு ஒரு விதியே இருக்கிறது. ஏற்கெனவே 11 கடைகளோ அதற்கு மேலோ வைத்திருக்கும் நிறுவனம் பல குடியிருப்புப் பகுதிகளின் கடைத்தெருவில் இன்னொரு கடை திறக்க நினைத்தால், தனி அனுமதி கேட்டு, அக்கம்பக்கத்தார் பேசுவதற்கும் காது கொடுக்க வேண்டும். வாடகைக்கு ஆள் க்யூவில் நிற்கும் நகரத்துக்கு அது சரி. எங்கள் ஊரில் முகப்புக் கண்ணாடியில் தூசி படிந்து கிடக்கிறது. மருந்துக்கடை வருமானால் யாருடைய பெயர்ப் பலகை என்று நான் பார்க்க மாட்டேன். பார்மசிஸ்ட் நிலைத்து இருக்கிறாரா, ஞாயிற்றுக்கிழமை திறக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

யாரும் அதிகம் பேசாத ஒன்று மாடிகள். கீழே கடை, மேலே முக்கால்வாசி இடம் பூட்டியே கிடக்கிறது. அங்கே குடும்பங்கள் குடியேறினால் காலையில் ரொட்டி வாங்கவும், ராத்திரி மருந்து வாங்கவும் ஆள் இருக்கும், ஐந்து மணிக்குக் கோர்ட் மூடியதும் தெருவும் இருண்டுபோகாது. இரண்டாவது படிக்கட்டு, தீயணைப்புக் குழாய் என்று பழைய கட்டடத்துக்குச் செலவு அதிகம் பிடிப்பதால் உரிமையாளர்கள் தயங்குகிறார்கள். சிலர் வேறு மாநிலத்தில் இருக்கிறார்கள், கட்டடம் எப்படிக் கிடக்கிறது என்றே பார்ப்பதில்லை. நகராட்சி கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தை நடைபாதைப் பூந்தொட்டிக்குச் செலவழிப்பதைவிட இந்தப் படிக்கட்டுக்குக் கொடுக்கலாம். பூந்தொட்டிக்காக யாரும் வந்து ரொட்டி வாங்கப் போவதில்லை. இதை எழுந்து நின்று சொன்னேன் அப்பா. முதலில் குரல் நடுங்கியது. பின்வரிசையில் இருந்த கட்டட இன்ஜினியர் ஒருவர் தலையாட்டியதும் தைரியம் வந்துவிட்டது.

இப்போது உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. நியூயார்க் மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே சரனாக் லேக் என்று ஓர் ஊர். மக்கள்தொகை சுமார் ஐயாயிரம். அங்கே துணிமணியும் வீட்டுச் சாமானும் விற்ற பெரிய கடை 2002-இல் மூடிவிட்டது. உள்ளாடை வாங்கவும் 50 மைல் தள்ளிப் பிளாட்ஸ்பர்க் போக வேண்டிய நிலை. ஒரு பெரிய நிறுவனம் வர நினைத்தபோது, வரட்டும் என்றும் கூடாது என்றும் ஊர் இரண்டுபட்டது. நிறுவனம் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஊர்க்காரர்கள் தாங்களே கடை வைக்க முடிவு செய்தார்கள். ஒரு பங்கு 100 டாலர். யாரும் 10,000 டாலருக்கு மேல் போடக் கூடாது, ஒருவர் கைக்குக் கடை போய்விடக் கூடாது என்பதால். ஐந்து லட்சம் டாலர் சேர்த்து 2011 அக்டோபரில் திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பே வயோமிங்கில் பவல் என்ற ஊர் இதே வழியைக் காட்டியது. அங்கே பங்கு 500 டாலர், கடை திறந்தது 2002-இல்.

என்ன விற்பது என்று அவர்கள் தீர்மானித்த விதம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அழகான கடை, சுற்றுலாக்காரர் கேட்கும் கடை என்று போகவில்லை. துணி, படுக்கை விரிப்பு, தையல் சாமான் என்று ஊர்க்காரர்களுக்கு அன்றாடம் வேண்டியதை வைத்தார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கிற மாதிரி, ஆளுக்கொரு கை வடத்தில் இருந்தது.

எங்கள் ஊரிலும் அப்படி ஒரு மளிகைக்கடை தொடங்கலாமா என்று பேச்சு எழுந்திருக்கிறது. எதிர்வீட்டுப் பாட்டி வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடிப் பேசினோம். அதில் ஒருவர் முப்பது வருஷம் மளிகைக்கடை மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்கறி எத்தனை நாள் தாங்கும், எது கழிவாகும், குளிர்பெட்டிக்கு மின்சாரம் எவ்வளவு ஆகும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். முதலில் சின்னதாக, பால், முட்டை, ரொட்டி, காய், மருந்துச் சீட்டு தேவைப்படாத மாத்திரைகள் மட்டும் வைத்து வாரத்தில் சில நாள் திறந்து பார்க்கலாம் என்பது அவர் யோசனை. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. நன்றாகப் போனால் நிரந்தரக் கடை, போகாவிட்டால் பெரிய நஷ்டம் இல்லை.

நானும் உங்கள் மாப்பிள்ளையும் கொஞ்சம் பங்கு போடலாம் என்று இருக்கிறோம். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை. இன்னும் எத்தனை வருஷம் இங்கே இருப்போமோ, பணம் முடங்கிப் போகும் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எத்தனை வருஷம் இருந்தாலும் அத்தனை வருஷமும் நம் பெண் நடந்து போய்ப் பால் வாங்கி வரக்கூடிய தெரு இருக்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். நீங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவர். பங்குதாரர்கள் நிறையப் பேர் இருக்கும்போது முதல் வருஷத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும், மேனேஜருக்கு எவ்வளவு அதிகாரம் கொடுக்கலாம், கடனுக்கு விற்பதை எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்று எழுதுங்கள். பாட்டி வீட்டில் அடுத்த கூட்டம் இந்த மாதக் கடைசியில். அதற்குள் உங்கள் பதில் வந்தால் படித்துக் காட்டுவேன், அவர்களுக்கும் மொழிபெயர்த்துச் சொல்வேன்.

அம்மாவைப் படிக்கட்டில் அதிகம் ஏறி இறங்க விட வேண்டாம். தம்பிக்கு என் அன்பு.

அன்புடன்,
உங்கள் மகள்