செலென்காவின் மிசெரேரே பாடப்போகும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

தவக்காலத்துக்கு உங்கள் பாடகர் குழு செலென்காவின் மிசெரேரேயை, அதாவது 'இரங்கும்' என்று தொடங்கும் பைபிளின் 51ஆம் சங்கீதத்துக்கு அவர் அமைத்த இசையை, எடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். ஒத்திகை தொடங்குமுன் இதைப் படித்துவிடு. தவறு நாக்கில் படிந்துவிட்டால் கழுவுவது சிரமம்.

யான் டிஸ்மாஸ் செலென்கா 1679இல் பொஹீமியாவில் பிறந்தவர். ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவையில் அடித்தட்டு ஸ்வரங்களுக்கான வயலோன் வாசித்தார். ஊர் லுத்தரன். போலந்து முடிக்காக 1697இல் மதம் மாறிய மன்னரின் அவை மட்டும் கத்தோலிக்கம். இத்தனை பூசை இசையும் அந்தச் சின்ன வட்டத்துக்குத்தான்! இசைத் தலைவர் ஹைனிகென் 1729இல் இறந்ததும் வேலை இவர் தலையில் விழுந்தது, பதவியோ இன்னொரு இசையமைப்பாளரான ஹாஸ்ஸேக்குப் போனது. 'கோயில் இசையமைப்பாளர்' பட்டம் 1735இல்தான் வந்தது.

மிசெரேரே 1738இல் எழுதியது, சி மைனர். தொடக்கத்தில் தந்திகள் ஒரே ஸ்வரத்தை விடாமல் துடிக்கும். மேலே ஓபோக்கள் சஸ்பென்ஷனில், அதாவது முந்தைய ஸ்வரத்தை அடுத்த ஒலிக்கூட்டிலும் பிடித்துவைத்து, உரசும். அந்த வேகத்தைக் கேட்டுக் குழு கத்தத் தொடங்கும், பத்தே வரியில் சுருதி இறங்கிவிடும். உரசும் ஸ்வரத்தில் சாய், தீரும் ஸ்வரத்தில் குரலைக் குறை. அழுத்தம் இசையிலேயே இருக்கிறது, தொண்டையால் கூட்டாதே.

இரண்டாம் பகுதி, பழைய இத்தாலிய இசையமைப்பாளர் ஃப்ரெஸ்கோபால்டியின் ரிசெர்காரின் (ஒரே மெட்டைப் பல இழைகள் மாறிமாறி எடுத்துப் பின்னும் கருவி இசை) மேல் கட்டியது. பழைய பாணி, சங்கீதத்தின் மிச்ச வசனமெல்லாம் இதில்தான் ஓடும். இங்கே எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால் இழை அறுந்துவிடும். ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் ஆள்மாற்றி மூச்சு எடுங்கள், பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் 'குளோரியா பாட்ரி' ('தந்தைக்கு மகிமை' என்ற துதி) சோப்ரானோ தனிப்பாடல், அப்போது உட்கார்ந்து இளைப்பாறலாம்.

உச்சரிப்பை முதல் நாளே முடிவு செய்யச் சொல். பாட்டில் வரும் 'magnam' என்ற லத்தீன் சொல் ஜெர்மன் முறையில் 'மக்னம்', ரோமன் முறையில் நம் ஞகரம் போல 'மாஞம்'. பாதிப் பேர் அப்படி, பாதிப் பேர் இப்படி என்றால் கேட்கச் சகிக்காது.

துதியின் கடைசி வரியான 'சிகுத் எராத்' ஃபியூகோடு (குரல்கள் ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாய் எடுத்துத் துரத்தும் பகுதி) முடிந்தது என்று நினைக்காதே. சங்கீதங்கள் வழக்கமாக அந்தத் துதியோடு முடியும். இவர் மறுபடி முதல் இசைக்கே, 'இரங்கும்' என்ற கெஞ்சலுக்கே திரும்புகிறார். ஃபியூகில் மூச்சைக் கொட்டிவிட்டவர்கள் இங்கேதான் தடுமாறுவார்கள்.

சுருதி (ஏ ஸ்வரத்தின் அதிர்வெண்) பழைய 415ஆ, இன்றைய 440ஆ என்று கேட்டு எழுது. 415 என்றால் அரை ஸ்வரம் தாழும். உங்கள் சோப்ரானோக்கள் பிழைத்தார்கள், பேஸ் பாடுபவர்கள் பாவம்.

அப்பா