கடலுக்கும் இட்டேரி உண்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மன்னார் வளைகுடாவில் தனியார் காற்றாலை வருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் ஊர் டீக்கடையில் நாலு பேர் சேர்ந்து படித்தோம். "கடல் யாரோட பூமியும் இல்லீங்களே, வெச்சுட்டுப் போகட்டும்" என்றார் ஒருவர். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

தோட்டங்களுக்கு நடுவே இரண்டு பக்கமும் வேலியோடு போகிற பொதுப்பாதையை நாங்கள் இட்டேரி என்போம். அதற்கும் யார் பேரிலும் பட்டா கிடையாது. குறுக்கே ஒருத்தர் கம்பி கட்டிப் பார்க்கட்டும், பொழுது சாய்வதற்குள் ஊரே கூடிவிடும். மீனவருக்குக் கடல் அந்த மாதிரிதான்.

நான் காற்றாலைக்கு விரோதி இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் புண்ணியத்தில் குடிமங்கலத்தைச் சுற்றிக் காத்தாடி இல்லாத திசையே கிடையாது. கோவை, திருப்பூர் மில்கள் ஓடுவதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் காத்தாடி வந்தபோது, றெக்கை ஏற்றிய நீள லாரி திரும்ப இடம் வேண்டுமென்று இட்டேரியின் இரண்டு பக்கக் கிளுவை வேலியையும் வெட்டினார்கள். வேலை முடிந்ததும் நட்டுத் தருகிறோம் என்ற கம்பெனிக்காரர்கள் அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. தாலுகா ஆபீசில் மனு கொடுத்தோம். சர்வே நம்பர் இருந்தது, புலப்படம் இருந்தது, சர்வேயர் வந்து அளந்தார். வலை போடுகிற இடத்துக்கு எந்தப் புலப்படத்தைக் காட்டுவார்கள்?

2023-இல் வந்த குத்தகை விதிகளின்படி கடலில் காற்றாலை கட்டி ஓட்ட 35 வருஷம் குத்தகை. இங்கே தென்னந்தோப்பை இரண்டு வருஷத்துக்கு விடவே ஆயிரம் யோசனை பண்ணுகிறோம்! பணமும் நம்முடையதுதான். குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா 500 மெகாவாட்டுக்கு 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டத்தின் தொகை 7,453 கோடி ரூபாய். பொதுக்கடல், பொதுப்பணம், லாபம் மட்டும் தனியாருக்கு என்றால் கேள்வி கேட்கத்தானே செய்வார்கள்?

அமெரிக்காவில் நான்டக்கெட் கடலில் நூற்றுக்கும் மேல் காற்றாலை வைக்க 2001-இல் ஒரு கம்பெனி கிளம்பியது. கடலைக் காற்றுக்காகக் குத்தகை விடத் தெளிவான சட்டம் அங்கே 2005-இல்தான் வந்தது. கரையில் பங்களா வைத்திருந்தவர்கள் கடல் அழகு கெடுகிறது என்று எதிர்த்தார்கள், வழக்குமேல் வழக்கு வந்தது, 2017-இல் திட்டத்தையே கைவிட்டார்கள். அத்தனை வருஷம் மல்லுக்கட்ட அந்தப் பணக்காரர்களிடம் காசு இருந்தது. தூத்துக்குடி நாட்டுப்படகுக்காரர் வக்கீலுக்கு எங்கே போவார்?

ஆகவே, குத்தகைப் பத்திரம் எழுதுவதற்கு முன்பே மீனவ ஊர்களில் கூட்டம் போட்டு, எந்த மாதம் எங்கே வலை விழுகிறது என்று அவர்கள் வாயால் கேட்டு வரைபடத்தில் குறிக்க வேண்டும். படகு போகும் வழியைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் போக வேண்டும். கூட்டத்தைக் கலெக்டர் ஆபீசில் வைத்துவிட்டு யாரும் வரவில்லை என்று எழுதிக்கொள்ளக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்காரர்கள் கரையில்தான் இருப்பார்கள், அப்போதே வைக்கலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்கு மட்டும் அவர்கள் சொல்லும் நாளில் தனியாக ஒரு கூட்டம்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
குடிமங்கலம், உடுமலை வழி